வாய்ப் பரிசோதனை

மைக்கில் அந்த அறிவிப்பு வந்தபோது நானும் என் ஓரகத்தியும் ஒரு பெரிய கட்டில் விரிப்பின் இரண்டு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். "நாளைக்குக் காலைல நம்ம சலவைக்கூடத்து வாசலுக்கு சுகாதார வண்டி வருது. முப்பது வயசுக்கு மேல இருக்கற பொம்பளைங்க எல்லாரும்" என்று தொடங்கிய சூப்பர்வைசர் ஏதோ ஒரு சொல்லில் தடுக்கி நின்றார். தொண்டையைச் செருமினார். பிறகு, "வாய்ப் புத்துநோய்ப் பரிசோதனைக்கு வரணும்" என்று வேகமாக முடித்துவிட்டு மைக்கை அணைத்தார். அவர் கையில் இருந்த காகிதத்தில் வாய்க்கு முன்னால் இன்னொரு சொல் இருந்திருக்கிறது. இத்தனை பெண்கள் கேட்க, மைக்கில் கர்ப்பப்பை என்று சொல்ல மனிதருக்கு நாக்கு எழவில்லை. பாதியை விழுங்கிவிட்டு மீதியை எங்களுக்குக் கொடுத்துவிட்டார். அது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

எங்கள் வேலை மடிப்பது. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வருகிற விரிப்புகள் துவைத்து முடிந்து, ஈரத்தோடு ரோலர் மெஷினுக்குள் போய், அந்தப் பக்கம் சுடச்சுட வெளியே வரும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்து, இழுத்து உதறி, முனையோடு முனை சேர்த்து, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வரவேண்டும். என் முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு நான் மறுபடி பின்னால் போவேன். நாள் முழுக்க இப்படி நெருங்குவதும் விலகுவதும்தான். விலகி நிற்கும்போது மெஷின் இரைச்சலில் கத்தினால்தான் காதில் விழும். நெருங்கி வரும்போது முணுமுணுத்தாலே போதும். நான் எங்கே நின்றாலும் பேசுவேன். என் ஓரகத்தி முனைகள் சேரும்போது மட்டும் ஒரு சொல், இரண்டு சொல் பேசுவாள். அதையும் விரிப்பிடம் சொல்வது போலத்தான் சொல்வாள்.

நான் மூத்தவரைக் கட்டி வந்தவள், அவள் இளையவரைக் கட்டி வந்தவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, இப்போது ஒரே வேலை. அவளை வீட்டில் வாயில்லாப்பூச்சி என்பார்கள். என்னைப் பற்றி எங்கள் மாமியார், "இந்த வாய் மட்டும் இல்லேன்னா இவளை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆண்டவன் கொடுத்த வாயை நானே வைத்துக்கொண்டேன் என்று என் கணவர் கிண்டல் செய்வார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. யாராவது அவளிடம் ஒன்று கேட்டால் பதில் என்னிடமிருந்துதான் வரும். டீ வேண்டுமா என்று அவளைக் கேட்டால், சர்க்கரை கம்மியா என்று நான் சொல்வேன். அவளும் தலையாட்டுவாள்.

மறுநாள் காலையில் சலவைக்கூடம் முழுக்கப் பற்பசை வாசனை. எல்லாரும் பளிச்சென்று பல் தேய்த்து, நாக்கு வழித்து வந்திருந்தார்கள். கறைப் பிரிவில் வேலை செய்யும் புகையிலைக்காரி மட்டும் வெளுத்த முகத்தோடு குழாயடியில் நின்று கொப்புளித்துக்கொண்டே இருந்தாள். "எனக்குத்தான் வரும், எனக்குத் தெரியும்" என்று துப்பினாள், மறுபடி கொப்புளித்தாள். என்னைப் பார்த்ததும் வரிசையில் ஒரே சிரிப்பு. "உன் வாயைப் பாத்து முடிக்க அவங்களுக்கு ஒரு நாள் பத்தாதே" என்றாள் ஒருத்தி. "அப்படின்னா முதல்ல என்னையே பாக்கட்டும்" என்று நான் முந்திக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

உள்ளே திரை, ஒரு குறுகலான கட்டில், ஒரு விளக்கு, சின்ன டிவி மாதிரி ஒரு பெட்டி, அதிலிருந்து வயரில் தொங்கும் ஒரு குட்டி கேமரா. நர்ஸ் என் வயதுக்காரிதான். கையுறையை மாட்டிக்கொண்டே, "ஏறிப் படுத்துக்கோங்கம்மா" என்றாள். படுத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, என்னால் முடிந்த அளவுக்கு வாயைத் திறந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"எதுக்கும்மா வாயைத் திறந்து வச்சிருக்கீங்க?"

"நீங்கதானே பாக்கணும்னீங்க."

அவள் என்னைப் பார்த்தாள். வெளியே வரிசையில் மணக்கும் பற்பசை அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். முக்காலியில் உட்கார்ந்து, முகமூடியைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். "இந்த வாய் இல்லம்மா. கர்ப்பப்பைக்கு ஒரு வாய் இருக்கு. அதைப் பாக்கணும்."

"அதுக்கு வேற ஒரு வாயா?"

"இருக்கு. ஆனா உங்களை மாதிரி பேசாது. வலிச்சாக்கூட சொல்லாது. அதான் நாங்க வந்து பாக்க வேண்டியிருக்கு."

எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது நிஜம். வேண்டாமென்றால் போகலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று அவளே சொன்னாள். அப்படிச் சொன்னதாலேயே இருந்துவிட்டேன். ஒரு துணியைப் போர்த்திவிட்டு, என்ன செய்யப் போகிறாள் என்பதைச் செய்வதற்கு முன்னால் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கொஞ்சம் ஜில்லென்று இருந்தது, கொஞ்சம் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். மூன்று பெற்றவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா? பிறகு அவள், "பாக்கறீங்களா?" என்று அந்தப் பெட்டியை என் பக்கம் திருப்பினாள்.

நான் பார்த்தேன்.

இளஞ்சிவப்பாக, உருண்டையாக, இப்போதுதான் கழுவி எடுத்தது போல் ஈரத்தில் மின்னிக்கொண்டு ஒன்று இருந்தது. நடுவில் குறுக்காக ஒரு சின்னக் கோடு. மூடிய உதடு மாதிரி. இதுதான் அது என்றாள் நர்ஸ். இத்தனை வருடம் என் உடம்புக்குள், எனக்குத் தெரியாமல், இவ்வளவு அழகாக ஒன்று இருந்திருக்கிறது. கண்ணாடியில் ஆயிரம் தடவை முகத்தைப் பார்த்திருக்கிறேன், இதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. என் மூத்தவன் இப்போது என்னைவிட ஒரு தலை உயரம். அவனும், அவனுக்கு அடுத்தவனும், கடைக்குட்டிப் பெண்ணும் இந்தக் கோட்டின் வழியாகத்தான் வந்தார்கள். எப்படி வந்தார்கள்? எனக்குப் பேச்சு வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

பிறகு அவள் பஞ்சில் ஏதோ நனைத்து உள்ளே வைத்தாள். வாசனை குப்பென்று வந்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "வினிகர்" என்றேன். எங்கள் கறைப் பிரிவில் கேன் கேனாக இருக்கும். "ஆமா. ஒரு நிமிஷம் இருக்கணும். கெட்டது ஏதாவது தொடங்கியிருந்தா அந்த இடம் வெள்ளையாயிடும்" என்றாள். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. நாங்கள் வினிகரைப் போட்டால் கறை போகும், இவர்கள் போட்டால் கறை வரும். எங்களுக்கு வெள்ளை வந்தால் நிம்மதி, இங்கே வெள்ளை வரக்கூடாது. அந்த ஒரு நிமிடமும் இளஞ்சிவப்பு மாறக்கூடாதே என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். மாறவில்லை. "சுத்தமா இருக்கு. உங்க பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டு, இந்த நோய் வராமலிருக்க அந்த வயதில் போடவேண்டிய தடுப்பூசியைப் பற்றிச் சொல்லி அனுப்பினாள்.

வெளியே வந்து நான் விஷயத்தை உடைத்ததும் வரிசை ஆடிப்போயிற்று. பாதிப்பேர் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள், சிலர் சூப்பர்வைசரைத் தேடினார்கள், மனிதர் எங்கோ ஒளிந்துவிட்டார். புகையிலைக்காரிக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. "அந்த வாய்தானா, நல்லா பாக்கட்டும்" என்று அடுத்த ஆளாக ஏறிவிட்டாள். எனக்குப் பின்னால் நின்ற என் ஓரகத்தியை மட்டும் காணவில்லை.

மெஷின் பக்கம் போனேன். தனியாக நின்று ஒரு விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அது ஒற்றை ஆள் மடிக்கிற விரிப்பு இல்லை. நான் பேசாமல் மறு பக்கம் போய் முனைகளை எடுத்துக்கொண்டேன். இழுத்தோம், உதறினோம், நடந்து வந்தோம்.

"வலிக்கலைம்மா. சும்மா பாக்கறாங்க, அவ்வளவுதான்."

அவள் என் கையிலிருந்து முனைகளை வாங்கிக்கொண்டாள். நான் மடிப்போடு பின்னால் போய்த் திரும்ப வந்ததும் கேட்டாள்.

"எடுத்துடுவாங்களாக்கா?"

"எதை?"

"பையை. ஏதாச்சும் இருக்குன்னு சொல்லி எடுத்துட்டாங்கன்னா?"

"அதெல்லாம் எடுக்க மாட்டாங்க" என்றேன், எனக்கென்னவோ எல்லாம் தெரிந்தது போல.

அடுத்த விரிப்பு வந்தது. அது முழுதாக மடிந்து முடிந்து எங்கள் கைகள் ஒட்டி நின்றபோது சொன்னாள். "அவ இருந்த இடம்னு எனக்கு அது ஒண்ணுதான்க்கா இருக்கு."

யார் என்று நான் கேட்கவில்லை. கல்யாணமாகி இரண்டாம் வருடம் அவள் வாயும் வயிறுமாக இருந்தாள். மாதம் நிறைந்து, வலி எடுத்து, ஒரு முழு ராத்திரி துடித்து ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். குழந்தை அழவில்லை. பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் முடிவுசெய்து, துணியில் சுற்றி அப்படியே எடுத்துப் போய்விட்டார்கள். நான் அப்போது கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தேன், நானும் பார்க்கவில்லை. ஒரு போட்டோ கிடையாது, ஒரு பெயர் கிடையாது. எங்கே புதைத்தார்கள் என்று அவளிடம் இன்றுவரை யாரும் சொன்னதில்லை. பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவே இல்லை. அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று வீட்டில் யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் யாரும் பேசவில்லை. இளைய மருமகளுக்குக் குழந்தை இல்லை என்பதுதான் வெளியே சொல்கிற பதில். சொல்லிச் சொல்லி அதுவே உண்மையாகிவிட்டது.

"நான் கூட இருக்கேன், வா. எடுக்கணும்னு எவளாவது சொன்னா நான் பேசிக்கறேன்."

அவள் வந்தது என் பேச்சை நம்பியா, என் வாய்க்குப் பயந்தா தெரியாது. வந்தாள். கட்டிலில் படுத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். வயசு என்ன, மாதவிலக்கு ஒழுங்கா வருதா, எத்தனை குழந்தைங்க. "இல்லைங்க" என்றேன் நான். பழக்கம். ஓரகத்தி என்னைப் பார்க்காமல் வண்டியின் கூரையைப் பார்த்தாள்.

நர்ஸ் விளக்கைத் திருப்பி வேலையைத் தொடங்கினாள். பெட்டியைப் பார்த்தாள், கொஞ்சம் கூர்ந்து பார்த்தாள், பிறகு என்னிடம், "நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய இருக்கீங்களா?" என்றாள்.

"அக்கா இருக்கட்டும்" என்றாள் படுத்திருந்தவள்.

நர்ஸ் தயங்கினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்களுக்குப் பிரசவம் ஆகியிருக்குல்லம்மா?"

என் விரல்கள் நொறுங்கிவிடும் போலிருந்தது, அப்படிப் பிடித்திருந்தாள். நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொன்னாள்.

"ஒண்ணு பொறந்துச்சு. பொண்ணு. அழல." பிறகு, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"இங்க இருக்கே" என்றாள் நர்ஸ். பெட்டியை அவள் பக்கம் மெல்லத் திருப்பினாள். "குழந்தை பெறாதவங்களுக்கு இந்த இடத்துல ஒரு புள்ளி மாதிரி, வட்டமா இருக்கும். மாசம் நிறைஞ்சு, குழந்தை இது வழியா வந்திருந்தா இப்படிக் கோடா ஆயிடும். அப்புறம் பழையபடி புள்ளியா மாறாது."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என்னுடையதைப் போலவே இளஞ்சிவப்பாக, ஈரமாக, உருண்டையாக. நடுவில் அந்தக் கோடு. என்னுடையதைவிடச் சின்னது, ஆனால் கோடு. எங்கள் வீட்டில் பெரியவர்கள், சின்னவர்கள், நான் எல்லாருமாகச் சேர்ந்து இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த இத்தனை வருடமும், இது இங்கே, இருட்டுக்குள், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கோயிலில் நிற்பது போல என் கால்கள் தாமாகவே ஒட்டி நின்றன.

"அப்ப அவ வந்துட்டுப் போனது இதுல இருக்கா?" என்றாள்.

"இருக்கும்மா."

அவள் அழவில்லை. ஒரு குழந்தையின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் பார்ப்பது போல, சாயல் தேடுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நர்ஸ் அவசரப்படுத்தவில்லை. வெளியே வரிசையில் யாரோ சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள், அதற்கும் அசையவில்லை.

பிறகு வினிகர். இந்தத் தடவை வாசனை வந்ததும் நான் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோட்டுக்கு மேலே, இடது ஓரமாக, மெதுவாக, பால் சிந்திய மாதிரி ஒரு வெள்ளை எழும்பி வந்தது. விரல் நகத்தில் பாதிகூட இருக்காது. அது ஏதோ வெளிச்சம் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். நர்ஸ் மறுபடி பஞ்சை வைத்துப் பார்த்தாள். வெள்ளை அங்கேயேதான் இருந்தது. யாரும் சொல்லாமலேயே மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

"பயப்படாதீங்க. இது புற்றுநோய் மாதிரித் தெரியலை" என்றாள் நர்ஸ். "அப்படியே விட்டா பல வருஷம் கழிச்சு ஆகலாம். அதுக்கு முன்னாடியே பிடிச்சிட்டோம். இது ஒரு கிருமியால வர்றது. முக்காவாசிப் பேருக்கு எப்பவாவது வந்துட்டுப் போற கிருமிதான். யார் மேலயும் தப்பு கிடையாது. டாக்டரம்மா ஒரு தடவை பாத்துட்டு, சூடான கருவியால அந்த இடத்தை மட்டும் லேசாச் சுட்டு விடுவாங்க. ஒரு நிமிஷ வேலை. பையை எடுக்கறதெல்லாம் இல்லை."

நான் பெருமூச்சு விட்டேன். பையை எடுக்கமாட்டார்கள். அவள் பயந்தது இதற்குத்தானே. ஆனால் அவள் முகம் தெளியவில்லை. பெட்டியில் அந்த வெள்ளைக்கும் கோட்டுக்கும் நடுவே இருந்த இத்தனூண்டு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுட்டா அந்தக் கோடு போயிடுமா?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் நர்ஸிடம் கேட்டிருக்கமாட்டார்கள். குனிந்து, பெட்டியில் அந்த இடத்தை அவளும் நிதானமாகப் பார்த்தாள். சமாதானத்துக்காகச் சொல்லப் பார்க்கவில்லை, நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுட்ட இடம் புண்ணாகி ஆறும். ஆறினதும் ஓரம் கொஞ்சம் மாறியிருக்கலாம்" என்றாள். "கோடு இருக்கும்மா."

"ஆறினப்புறம் எனக்குக் காட்டுவீங்களா?"

"காட்டறேன். நானே காட்டறேன்."

அடுத்த வாரம் சுகாதார நிலையத்துக்கு மூன்று பேராகப் போனோம். என் கொழுந்தனும் வந்தார். எப்படி வந்தார், என்ன சொல்லி அழைத்து வந்தாள் என்று எனக்குத் தெரியாது, முந்தின நாள் இரவு அவர்கள் அறையில் வெகுநேரம் பேச்சுக் குரல் கேட்டது. அதில் பாதிக்கு மேல் அவள் குரல். டாக்டரம்மா பார்த்துவிட்டு, நர்ஸ் சொன்னதையேதான் சொன்னார். உள்ளே போனவள் நான் ஒரு தண்ணீர் பாட்டிலைக் குடித்து முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டாள். அடிவயிற்றில் சுருக்கென்று இழுத்ததாம், அவ்வளவுதானாம். சில வாரம் நீர் மாதிரிப் போகும், கனமாக எதையும் தூக்கக்கூடாது, வருடம் திரும்பியதும் மறுபடி வந்து பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வெள்ளை திரும்ப வருமா வராதா என்பது அப்போதுதான் தெரியும். கொழுந்தன் திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குகிற இடத்தில், பழக்கமில்லாத ஆள், கை கொடுத்து அவளை இறக்கினார்.

ஓய்வு முடிந்து அவள் வேலைக்கு வந்த அன்று ரோலர் மெஷினில் விரிப்பை உள்ளே விடுவதற்குப் புதிதாக ஒருத்தி சேர்ந்திருந்தாள். பேச்சுக்காரி, எனக்குச் சரியான ஜோடி. கை பாட்டுக்கு ஈர விரிப்பைத் தள்ளிக்கொண்டே எல்லாரையும் விசாரித்து முடித்துவிட்டாள். யாருக்கு எங்கே வீடு, யார் வீட்டுக்காரர் என்ன வேலை. நாங்கள் ஒரு விரிப்பை இழுத்துப் பிடித்து முழு நீளத்துக்கு விலகி நின்ற நேரம், அவள் மெஷினுக்கு அந்தப் பக்கமிருந்து என் ஓரகத்தியைப் பார்த்துக் கத்தினாள். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா?"

என் வாய் தானாகத் திறந்தது. இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே அவள் தலையை லேசாக அசைத்தாள், வேண்டாம் என்பது போல. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஒண்ணு" என்றாள் அவள். அந்த முனையிலிருந்து, மெஷின் இரைச்சலுக்கு மேலே, எல்லார் காதிலும் விழும்படி. "பொண்ணு. பொறக்கும்போதே போயிட்டா."

துவைக்கிற பக்கம் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். புகையிலைக்காரி வேலையை நிறுத்திவிட்டாள். புதியவள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். நான் விரிப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றேன், நடக்க மறந்துவிட்டேன். அவள்தான் முனைகளைச் சேர்த்துக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தாள். வந்து, என் கையில் கொடுத்தாள். கீழே தொங்கிய மடிப்பை எடுத்து மேசைமேல் போட்டு, சூடு ஆறாத அந்த வெள்ளைத் துணியின் நடுவே விழுந்த கோட்டை, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, உள்ளங்கையால் அழுத்தித் தடவினாள்.